பத்துக் கோல்களுக்குப் பிறகு: தோல்வியை வாசிக்கத் தெரிந்த ரஹீம்

ஓர் உதைபந்தாட்ட அணி தோற்றுவிட்டால் நம்மவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும், அது யார் விட்ட கோல் என்பதுதான். வாய்ப்பைத் தவறவிட்ட முன்கள வீரரை இரண்டொரு நாளில் மன்னித்துவிடுகிறோம். பந்து வலைக்குள் போனபோது அருகில் நின்ற பின்கள வீரரையும் கோல் காப்பாளரையும் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

நான் வசிக்கும் கிருலப்பனையில் இதை அடிக்கடி கேட்கிறேன். ஹைலெவல் வீதியோரத் தேநீர்க் கடைகளில் இங்கிலாந்து லீக் முடிவுகள் அலசப்படும்போதும் சரி, இலங்கைத் தேசிய அணி தோற்ற மறுநாளும் சரி, பேச்சு சுற்றிச் சுற்றிப் பின்களத்தில்தான் வந்து நிற்கும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தீர்ப்புத்தான். பெரியவர்களின் இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒழுங்கைக்குள் விளையாடும் சிறுவர்களில் யாரும் விரும்பிக் கோல் காக்கப் போவதில்லை. கடைசியாக வந்தவனை, அல்லது மறுத்துப் பேசத் தெரியாதவனைத்தான் அங்கே நிறுத்துகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கையை எழுதுகிறேன். 2024இல் வெளிவந்த மைதான் என்ற ஹிந்தித் திரைப்படம் இந்திய உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரான அவரது பெயரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றது. படம் அவரது வெற்றியைக் கொண்டாடியது. எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது, அவர் தோல்விகளைப் பார்த்த விதம். ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல்கள் வாங்கிய அணியின் பயிற்றுவிப்பாளர் அவர். பத்தாண்டுகள் கழித்து அதே நாட்டுக்கு ஆசியத் தங்கத்தையும் பெற்றுக்கொடுத்தார்.

பாடசாலை ஆசிரியர்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17இல் ஹைதராபாத்தில் பிறந்தார். நிஸாமின் ஆட்சிக்காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் அணிக்காக ஆடினார். பட்டம் பெற்றபின் பாடசாலை ஆசிரியரானார். நகரின் பல பாடசாலைகளில் கற்பித்தார். பின்னர் உடற்கல்வியில் டிப்ளோமா பெற்று விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். கடைசிவரை ரஹீம் சாஹிப் என்று அழைக்கப்பட்ட அந்த மனிதரின் நடையிலும் பேச்சிலும் ஆசிரியர் மறையவே இல்லை என்று அவரிடம் விளையாடியவர்கள் சொல்வார்கள்.

1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியையும் பொறுப்பேற்றார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்கள்தான் இந்திய உதைபந்தாட்டத்தின் மையம் என்றிருந்த காலத்தில், தக்காணத்திலிருந்து வந்த ஒரு பொலிஸ் அணி செய்த சாதனை அது.

அவரது பயிற்சி முறை வகுப்பறைப் பாடம் போன்றது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிராளிகளை ஏமாற்றி ஓடுவதுதான் அன்று ரசிகர்களுக்குப் பிடித்த ஆட்டம். ரஹீம் இளைஞர்களுக்கு அப்படி ஓடுவதையே தடைசெய்த போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும் போட்டிகள் வைத்தார். பார்ப்பதற்கு இவை தாக்குதல் பயிற்சிகள். ஆனால் காலில் பந்தை அதிகநேரம் வைத்திருப்பவரிடம்தான் அது பறிபோகிறது. நடுக்களத்தில் பந்து பறிபோகும்போது சொந்தப் பின்களம் விரிந்து கிடக்கிறது. பந்தைப் பாதுகாப்பாகக் கைமாற்றத் தெரிந்த அணிக்குத் தற்காக்க வேண்டிய தேவையே குறைகிறது. ரஹீமின் பயிற்சியில் பின்களப் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

டில்லி, கொழும்பு, ஹெல்சிங்கி

1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா புதுடில்லியில் நடந்தது. ரஹீம் இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்தப் பெறுபேற்றைப் பார்த்த எவரும் இந்தியப் பின்களத்தில் குறை இருப்பதாகச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த ஆண்டு, 1952 மார்ச்சில், நமது கொழும்பில் ஒரு சுற்றுப்போட்டி தொடங்கியது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் மோதிய கொழும்புக் கிண்ணம் அது. முதலாவது கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. பின்னர் ரங்கூன், கல்கத்தா, டாக்கா என நகர்ந்த அந்தப் போட்டியில் 1953 முதல் 1955 வரை மூன்று முறையும் இந்தியாவே வென்றது. தெற்காசிய நாடுகள் தமக்குள்ளே ஆடிக்கொண்டிருந்தவரை இந்தியாவின் பழைய ஆட்டமுறைக்குச் சோதனை வரவில்லை.

கொழும்பு முடிந்து நான்கு மாதங்களில் அந்தச் சோதனை வந்தது. 1952 ஜூலை 15, ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரணி யூகொஸ்லாவியா. இடைவேளையின்போதே 5-0. ஆட்டம் முடிந்தபோது 10-1. யூகொஸ்லாவியாவின் பிராங்கோ செபெக் மட்டும் நான்கு கோல்கள் அடித்தார். இந்தியாவின் ஒரே கோலை அஹமத் கான் போட்டார்.

தாயகத்தில் இதற்குக் கிடைத்த எளிய விளக்கம் பாதணி. இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். ஈரமான, குளிரான வடஐரோப்பிய மைதானத்தில் அது பெரிய பாதகம்தான். அந்த ஒலிம்பிக்கின் பின் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் பாதணியைக் கட்டாயமாக்கியது. வழுக்கி விழுவதற்குப் பாதணி மருந்து. ஆனால் பத்துக் கோல்களும் வழுக்கி விழுந்ததால் வந்தவை அல்ல.

இரண்டு பேர் ஐந்து பேரை மறிப்பது எப்படி?

அன்று இந்தியா ஆடியது 2-3-5 எனப்படும் பழைய அமைப்பு. பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். நடுவில் நிற்கும் மைய வீரர் தாக்குதலுக்கும் போவார், மறிக்கவும் வருவார். 1925இல் ஓஃப்சைட் விதி தளர்த்தப்படும்வரை இது வேலை செய்தது. அதுவரை முன்கள வீரருக்கு முன்னால் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். விதி மாறியபின் இருவர் போதும் என்றாயிற்று. முன்கள வீரர்களுக்குத் திடீரென இடம் கிடைத்தது. ஐரோப்பா உடனே விழித்துக்கொண்டது. லண்டனின் ஆர்சனல் கழகத்தில் ஹேர்பர்ட் சப்மன் மைய வீரரைப் பின்னால் இழுத்து மூன்றாவது பின்கள வீரராக நிறுத்தினார். மற்றவர்களின் இடங்களும் அதற்கேற்ப மாறின. அதுவே டபிள்யூ-எம் அமைப்பு என்று உலகம் முழுவதும் பரவியது.

இந்தியா அந்த மாற்றத்தை முழுமையாக ஏற்காமலே ஹெல்சிங்கிக்குப் போயிருந்தது. செபெக்கும் கூட்டாளிகளும் பாய்ந்து வந்தபோது, மறிப்பதற்கு நிற்க வேண்டிய மூன்றாவது ஆள் அமைப்பிலேயே இல்லை. பின்னால் நின்ற இருவரும் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் ஒருவர் எப்போதும் குறைவாகவே இருந்தார்.

ரஹீமின் தீர்ப்பை அவர் அடுத்த ஆண்டுகளில் செய்த வேலையிலிருந்துதான் வாசிக்கிறேன். பின்களத்தில் மூன்றாவது வீரரைக் கொண்டுவந்தார். ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டமுறை அவரைக் கவர்ந்திருந்தது. மைய முன்கள வீரர் பின்வாங்கி நடுக்களத்தோடு சேர்ந்துகொள்ளும் உத்தியைத் தனது அணியிலும் முயன்றார். பின்னர் நால்வர் பின்னால், இருவர் நடுவில், நால்வர் முன்னால் என்ற 4-2-4 அமைப்பை நோக்கி நகர்ந்தார். 1958 உலகக் கிண்ணத்தில் பிரேசில் அதை உலகப் புகழாக்கியது. அதற்கு முன்பே ரஹீம் அதைப் பரீட்சித்துப் பார்த்தார் என்று அவரது வீரர்கள் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இங்கே அமெரிக்கர்களின் உதைபந்தாட்டத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தற்காப்பதற்கு வேறொரு பதினொருவர். பந்து கைமாறியதும் ஒரு குழு வெளியேற மற்றொன்று உள்ளே வரும். தோல்விக்குப் பிறகு தற்காப்புக் குழுவுக்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்க அங்கே ஓரளவு வழியுண்டு. ஆனாலும், தாக்கும் குழு பந்தை அடிக்கடி பறிகொடுத்தால் தற்காக்கும் குழு களைத்துவிடும் என்பதை அவர்களும் கணக்கில் எடுக்கிறார்கள். நமது ஆட்டத்திலோ அதே பதினொருவர்தான் இரண்டையும் செய்கிறார்கள். முன்கள வீரர் திரும்பி ஓடாத ஒரு கணம், முப்பது யார் தள்ளிப் பின்னால் கோலாக முடிகிறது. அந்தக் கோலின் படத்தில் இருப்பவர் மட்டும் வேறு.

மெல்பேர்னில் பதினொரு நிமிடங்கள்

1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரி விலகிக்கொள்ள, இந்தியா நேராகக் காலிறுதிக்கு வந்தது. அங்கே அவுஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய நாடு இந்தியா.

அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகொஸ்லாவியா. இடைவேளைவரை கோலே இல்லை. 52ஆவது நிமிடத்தில் நெவில் அடித்து இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். பிறகு 54, 57, 65ஆவது நிமிடங்களில் யூகொஸ்லாவியா மூன்று கோல்களைப் போட்டது. 78ஆவது நிமிடத்தில் இந்தியப் பின்கள வீரர் சலாமின் காலில் பட்டுச் சொந்தக் கோலும் விழுந்தது. 4-1.

முடிவை மட்டும் பார்த்தால் மீண்டும் ஒரு பெருந்தோல்வி. நிமிடக் கணக்கைப் பார்த்தால் வேறு கதை. நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் பாதியிலேயே ஐந்து கோல்கள் அடித்த ஒரு நாட்டை, இந்தியப் பின்களம் 53 நிமிடங்கள் கோலின்றி வைத்திருந்தது. உடைந்தது, முன்னிலை பெற்ற பிறகு வந்த பதினொரு நிமிடங்களில். கோல் அடித்த மகிழ்ச்சியில் ஓர் அணி எவ்வளவு பலவீனமாகிறது என்பதை அறிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சலாமின் சொந்தக் கோலைப் பற்றி மட்டும் பேசுபவர், அந்தக் கோல் விழுந்தபோது ஆட்டம் ஏற்கெனவே 3-1 ஆக இருந்ததை மறந்துவிடுகிறார். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று இந்தியா நான்காமிடம் பெற்றது.

1960இல் ரோம். இந்தியா விழுந்த பிரிவு கடினமானது. ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்றது. பிரான்ஸுடன் 1-1 எனச் சமநிலை. அந்த ஆட்டத்தில் அணித்தலைவர் பி.கே. பானர்ஜியின் கோலால் 82ஆவது நிமிடம்வரை இந்தியாவே முன்னிலையில் இருந்தது. பெருவிடம் 3-1 எனத் தோற்றது. அன்றைய இந்தியக் கோல் தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ் அடித்தது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். ஹெல்சிங்கியில் ஒரே ஆட்டத்தில் பத்து, ரோமில் மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து ஆறு. ஒரு வெற்றிகூட இல்லாமல் திரும்பிய அணி அது. ஆனால் ரோமில் வெண்கலம் வென்ற ஹங்கேரியால் அந்த அணியை ஒரு கோல் வித்தியாசத்தில்தான் வெல்ல முடிந்தது.

அந்த ரோம் அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தேர்வில் தந்தைப் பாசத்துக்கு இடமில்லை என்பதை மற்ற வீரர்கள் கண்ணெதிரே கண்டார்கள். தோல்விக்குப் பிறகு ஒரு பயிற்றுவிப்பாளர் சொல்லும் கடுமையான வார்த்தையை வீரர்கள் ஏற்றுக்கொள்ள இப்படியான நம்பிக்கைதான் அடித்தளம்.

ஜகார்த்தா: பின்கள வீரர் முன்னால் போன கதை

1962 ஆசிய விளையாட்டு விழாவுக்குப் போனபோது ரஹீமுக்கு உடல்நலம் சரியில்லை. புற்றுநோய் அவரை அரிக்கத் தொடங்கியிருந்தது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. ஆகஸ்ட் 26இல் முதல் ஆட்டம். தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி.

இரண்டு நாட்களில் தாய்லாந்தை 4-1 என வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் அணியின் மிகச் சிறந்த மையப் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தாயிற்று. காயக்கட்டோடு இருப்பவரைப் பின்களத்தில் நிறுத்தி, வரும் பந்தையெல்லாம் தலையால் தடுக்கச் சொல்ல முடியாது. வேறு யாராயிருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை மைய முன்கள வீரராக்கினார். ஜர்னைலின் உடற்பலமும் உயரமும் எதிரணிப் பின்களத்தை அலைக்கழிக்கும். பின்னால் அவரது இடத்தை அருண் கோஷும் மற்றவர்களும் பார்த்துக்கொள்வார்கள். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

இறுதிப் போட்டியில் மீண்டும் தென் கொரியா. இங்கே இன்னொரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதுவரை கோல் காத்தவர் இளைஞரான பிரத்யுத் பர்மன். மூத்தவரான பீற்றர் தங்கராஜ் காய்ச்சலில் கிடந்து தேறியிருந்தார். சென்னை ரெஜிமென்ட் மையத்தின் இராணுவ அணியில் வளர்ந்த நெடிய மனிதர் தங்கராஜ். கொரியர்கள் உயரமாகப் பந்தை அனுப்பி ஆடுவார்கள் என்பதை முதல் ஆட்டத்தின் தோல்வி காட்டியிருந்தது. ரஹீம் இறுதிப் போட்டிக்குத் தங்கராஜை இறக்கினார். பர்மன் செய்த பிழைக்கான தண்டனையாக அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எதிராளிக்கு ஏற்ற ஆள் அவர், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4. செனாயன் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா ஒதுக்கியதை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்திருந்ததால் கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் மட்டும் தங்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள் என்று இந்திய வீரர்கள் பின்னர் நன்றியோடு சொன்னார்கள். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங். 2-0.

மெல்பேர்னில் முன்னிலை பெற்றவுடன் உடைந்த அணி, இங்கே முன்னிலையை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்தது. பதில் வீரர்களை இறக்க அன்று அனுமதியில்லை. கால்விரல் காயத்தோடு திரிலோக் சிங் கடைசிவரை பின்களத்தில் ஓடினார். கொரியாவால் 85ஆவது நிமிடத்தில்தான் ஒரு கோல் போட முடிந்தது. 2-1. ஒன்பது நாட்களுக்கு முன் தங்களை வென்ற அணியை வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அந்தச் சுற்றுப்போட்டியில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் ஆறு கோல்கள் வாங்கியது. 1951இல் ஒரு கோலும் வாங்காமல் வென்ற தங்கத்தோடு எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால், 1962இன் பின்களம் மோசமானது என்றாகிவிடும். எனக்கு 1962இன் பின்களம்தான் பெரியது. முதலாவது அணி சோதிக்கப்படவே இல்லை. இரண்டாவது அணி முதல் நாளே தோற்று, காயம்பட்டு, ஆளையும் இடத்தையும் மாற்றி, தன்னைத் தோற்கடித்தவர்களையே மறித்து நின்றது.

அவருக்குப் பிறகு

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11இல், ரஹீம் காலமானார். வயது 53. இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டு விழாவில் உதைபந்தாட்டத் தங்கம் அதன்பின் கிடைக்கவேயில்லை. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்கும் ரோமுக்குப் பின் அந்த நாடு போகவில்லை.

ஆனால் அவரிடம் கற்றவர்கள் கற்பித்தார்கள். பி.கே. பானர்ஜி பின்னாளில் இந்தியாவின் புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளரானார். சைமன் சுந்தரராஜ் பயிற்றுவித்த கேரள அணி 1973இல் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றது. ஹக்கீம் விமானப்படையில் பணியாற்றி, சர்வதேச மத்தியஸ்தராகவும் பயிற்றுவிப்பாளராகவும் 2021இல் இறக்கும்வரை இந்த விளையாட்டோடு வாழ்ந்தார்.

1952இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பர்மாவும் கொழும்புக்கு வந்து ஆடியபோது இலங்கை அவர்களோடு ஒரே வரிசையில் நின்றது. 1995இல் தெற்காசியக் கிண்ண இறுதியில் இதே கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்றதும் நாம்தான். இன்று உலகத் தரவரிசையின் அடிமட்டத்தில் நிற்கிறோம். நிர்வாகத் தலையீடுகளால் 2023இல் சில மாதங்கள் சர்வதேசத் தடைக்கும் ஆளானோம். ஒவ்வொரு தோல்வியின் பின்னும் பின்கள வீரர் ஒருவரின் பெயர் அடிபடுகிறது, அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். நடுக்களத்தில் பந்து ஏன் பறிபோனது, திரும்பி ஓடாதவர் யார், அமைப்பில் ஆள் குறைந்த இடம் எது என்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய பணம் தேவையில்லை. ரஹீமிடம் காணொளிப் பதிவுகளோ தரவுக் கணினிகளோ இருக்கவில்லை. பாடசாலை ஆசிரியர் ஒருவருக்குரிய பொறுமை இருந்தது. விடைத்தாளில் பிழையைக் கண்டதும் மாணவனைத் திட்டாமல், கணக்கு எந்த வரியில் பிசகியது என்று மேலே தேடிப்போகும் பொறுமை அது. நமது பாடசாலை மைதானங்களில் திங்கட்கிழமைகளில் பயிற்சி நடத்துபவர்கள், சனிக்கிழமை விழுந்த கோல்களை அப்படி ஒரு முறை பிள்ளைகளோடு சேர்ந்து பின்னோக்கி நடந்து பார்த்தால் போதும். கோல் காப்பாளனிடமிருந்து தொடங்கி, அந்த நடை பெரும்பாலும் எதிர்முனையில் நிற்கும் முன்கள வீரரிடம்தான் போய் முடியும்.